எலும்பு தேற என்ன சாப்பிடுவது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் அனோரெக்சியா மாதிரியான உணவுக் கோளாறிலிருந்து தேறி வருபவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் டயட்டீஷியன், இந்த நோயாளிகளோடு பல வருடமாக வேலை செய்கிறேன். பதில்களில் எடை எண்ணோ கலோரி எண்ணோ எழுத மாட்டேன். படிக்கிறவர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தன்னைத் தானே அளக்க ஆரம்பித்துவிடுவார், அதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அக்கா, எனக்கு 21 வயது. அனோரெக்சியா. 14 மாதமாக மாதவிடாய் இல்லை. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்புக்கு இசட் ஸ்கோர் மைனஸ் 2.1. கால்சியம் மாத்திரை ஒழுங்காகப் போட்டால் சரியாகிவிடுமா?

மாத்திரை மட்டும் போதாதும்மா. கால்சியம் என்பது செங்கல். கொத்தனாரே வேலைக்கு வரவில்லை என்றால் வாசலில் செங்கல் குவிந்து என்ன பயன்? சாப்பாடு போதாதபோது உடம்பு இதயம், மூளையைக் காப்பாற்றுவதற்காக மற்ற செலவுகளைக் குறைக்கும். அதில் மாதவிடாயும் எலும்பு கட்டும் வேலையும் முதலில் அடிபடும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, எலும்பு வளரத் தூண்டும், கல்லீரலிலிருந்து வரும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனும் இறங்குகிறது, அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் ஏறுகிறது. பழைய எலும்பு கரைந்துகொண்டே இருக்க, புதிது கட்டப்படுவதில்லை. இதைத் திருப்புவதற்கு முதல் மருந்து போதுமான சாப்பாடு, அதனால் ஏறும் எடை, அதன் பிறகு தானாகத் திரும்பும் மாதவிடாய். கால்சியமும் வைட்டமின் டியும் அதற்குத் துணை.

இசட் ஸ்கோர் என்பது உன் வயதுக்காரர்களோடு உன்னை ஒப்பிடுவது. மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே என்றால் "வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவு" என்று அர்த்தம். கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் பாட்டிகளுக்கு வரும் எலும்புத் தேய்மானத்தைப் பற்றிப் படித்துவிட்டு இரவெல்லாம் அழாதே. எலும்பு இருபதுகளின் பிற்பகுதி வரை சேரும், உனக்கு இன்னும் காலம் இருக்கிறது. இழந்தது முழுவதும் எல்லோருக்கும் திரும்புவதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால்தான் தள்ளிப்போடாதே என்கிறேன். எடை மாதங்களில் ஏறும், எலும்பு வருடங்களில்தான் ஏறும். அடுத்த ஸ்கேன் ஒன்றிரண்டு வருடம் கழித்துப் போதும்.

என் மகளுக்கு 17 வயது. மகப்பேறு டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார், இப்போது மாதாமாதம் வருகிறது. இனி பயமில்லைதானே?

இல்லைம்மா. அது மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் ரத்தப்போக்கு, உடம்பு தானாகத் தேறியதற்கான அடையாளம் இல்லை. இந்த வாய்வழி மாத்திரைகள் அனோரெக்சியாவில் எலும்பைக் காப்பாற்றுவதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை, ஐஜிஎஃப்-1 அளவை இன்னும் இறக்கவும் செய்யும். தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை சில வளரிளம் பெண்களுக்கு உதவியிருக்கிறது, ஆனால் அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. மகளின் சாப்பாட்டுப் பிரச்சினை அந்த டாக்டருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

பால் பிடிக்காது. இரண்டு வேளை ராகிக் கஞ்சி குடிக்கிறேன். கால்சியத்துக்கு அது போதுமா?

100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, நல்ல தானியம். ஆனால் ஒரு டம்ளர் கஞ்சியில் மாவு எவ்வளவு? இரண்டு ஸ்பூன். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது நம் நாட்டுப் பரிந்துரை. இரண்டு டம்ளர் கஞ்சி அதில் ஒரு மூலைக்குக் காணாது. அதோடு நீர்க் கஞ்சி வயிற்றை நிரப்பிவிட்டு மற்ற சாப்பாட்டுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அதே ராகியை அடையாகத் தட்டி முருங்கைக்கீரை போட்டு, நெய் விட்டுச் சாப்பிடு. புட்டு என்றால் தேங்காயும் வெல்லமும் சேர்த்து. எள்ளுருண்டை வை, பால் பிடிக்காவிட்டால் தயிர் பிடிக்குமா பார், அசைவம் உண்டென்றால் நெத்திலியை முள்ளோடு மென்று தின்னலாம். பாலக் கீரையில் உள்ள ஆக்சலேட் அதன் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைக் கால்சியக் கணக்கில் சேர்க்காதே. பருப்பு, முட்டை மாதிரிப் புரதமும் எண்ணெயும் இல்லாமல் எலும்பு இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் வந்த ஒரு பெண் ஒரு மணி நேரம் அந்த எவர்சில்வர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள், "ராகி ரொம்ப ஹெல்தி மேடம்" என்றாள். கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது. அரிசி, நெய், இனிப்பு எல்லாம் பயமாகி, ராகி மட்டும் "பாதுகாப்பு" என்று மிஞ்சியிருந்தால் அங்கே பேசுவது நோய். உனக்கு அப்படியா?

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினம் ஒன்றாக ஒன்பது நாள் போட்டுவிட்டேன். பரவாயில்லையா?

உடனே நிறுத்து. அது வழக்கமாக வாரம் ஒன்று போடுவது. டாக்டரிடம் போய் ரத்தத்தில் கால்சியம் அளவு பார்க்கச் சொல். வாந்தி, அதிக தாகம், குழப்பம் இருந்தால் இன்றே போ.

தம்பிக்கு 24 வயது. தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறான், சாப்பாட்டைக் குறைத்து மெலிந்துவிட்டான். முழங்காலுக்குக் கீழே ஓரிடத்தில் தொட்டாலே வலிக்கிறது என்கிறான். பையன்களுக்கும் இது வருமா?

வரும். அவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், எலும்பு அதே மாதிரி நலியும். மாதவிடாய் என்ற எச்சரிக்கை மணி இல்லாததால் வீட்டில் கண்டுகொள்வது தாமதமாகிறது. ஒரே புள்ளியில் வலி என்றால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்ஆர்ஐயில் தெரியும். எடை தேறியபின் பளு தூக்குவது எலும்புக்கு நல்லதுதான், ஆனால் பசித்த உடம்பில் ஓடுவது எலும்பைத் தின்னும்.

பல வாரமாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாத மகள் இன்று "சாப்பிடுறேம்மா" என்றாள். பிரியாணி செய்யப் போகிறேன். கொடுக்கலாமா?

உங்கள் சந்தோஷம் புரிகிறது அம்மா, ஆனாலும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நீண்ட பட்டினிக்குப்பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கும். ரத்தப் பரிசோதனை செய்து, தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுத்து, சாப்பாட்டைப் படிப்படியாக ஏற்றுவார்கள். கால் வீக்கம், மூச்சுத் திணறல், குழப்பம் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

அந்த ஆபத்துக் கட்டம் தாண்டியதும் அவளுக்கு அடங்காத பசி வரலாம், பயந்து தடுத்துவிடாதீர்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அது முடிந்தபின்னும் அவர்களில் பலர் வயிறு நிறையத் தின்றும் பசிக்கிறது என்றே சொன்னார்கள். பட்டினி கிடந்த உடம்பு அப்படித்தான் கேட்கும். பக்கத்தில் யாரிடம் காட்டுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். பிரியாணி எங்கும் போகாது, டாக்டர் சரி என்றதும் அவளோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு தட்டு சாப்பிடுங்கள்.