அடுத்த ஊர்ப் பேர் போதும்: மதுரையைச் சுற்றிச் சைக்கிள் பயணம், கேள்வி பதில்

சார், என் மகன் பெல்ஜியத்தில் இருக்கிறான். அங்கே போர்டில் வெறும் எண்ணைப் பார்த்தே கிராமம் கிராமமாகச் சைக்கிளில் சுற்றுகிறார்களாம். அது எப்படி? (வில்லாபுரம்)

பாதைகள் சந்திக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டும்மா. 23இல் நின்றால், அங்கிருந்து எந்தெந்த எண்ணுக்குப் போகலாம் என்று அம்புக்குறி காட்டும். கிளம்பும்போது 23, 41, 40, 67 என்று எழுதிக்கொண்டால் முடிந்தது. களைத்துவிட்டால் நடுவிலேயே வேறு எண்ணைப் பிடித்துச் சுருக்கமாகத் திரும்பலாம். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வழிகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் போட்டிருப்பார்கள். ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் அதைத் தரைக்கு மேலே கொண்டுவந்தார். 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் தொடங்கியது, பிறகு நெதர்லாந்துக்கும் பரவியது. வண்டி நெருக்கம் குறைந்த பாதைகளாகப் பார்த்து இணைத்திருப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

நம்ம பக்கம் அந்தப் போர்டெல்லாம் இல்லையே அண்ணே? (செல்லூர்)

நாமே செய்துகொள்ளலாம் தம்பி. எண்ணுக்குப் பதில் ஊர்ப் பேர். நான் மாத்திரை டப்பா அட்டையைக் கிழித்து, பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டி ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்வேன். டேப் இல்லாவிட்டால் வியர்வையில் மை ஓடிவிடும். சோழவந்தான் சுற்றுக்கு என் அட்டை இது: கோச்சடை, துவரிமான், மேலக்கால், தென்கரை, ஆற்றுப்பாலம், சோழவந்தான், திருவேடகம், தேனூர், சமயநல்லூர். போக வைகையின் தென்கரை, வர வடகரை.

வழி கேட்கும்போது “சோழவந்தான் எப்படிப் போகணும்?” என்று கேட்காதீர்கள். பெரிய ரோட்டுக்குத்தான் கை காட்டுவார்கள். அட்டையில் அடுத்து இருக்கிற ஊரை மட்டும் கேளுங்கள், உள்வழியைச் சொல்வார்கள். மைல்கல்லையும் கவனியுங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சளைக் கண்டால் வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆடி மாதம் போகலாமா? காற்று தள்ளுகிறதே. (திருநகர்)

தாராளமாகப் போங்கள், ஆனால் திசை பார்த்து. நம் பக்கம் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும். வெயில் ஏற ஏற அதுவும் வலுக்கும். ஆகவே கால் புதிதாக இருக்கும் விடியலில் மேற்கே மிதித்துவிட்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்குங்கள். கீழடிப் பக்கம் போனால் இது தலைகீழாகிவிடும், வரும்போது திணறுவீர்கள். ஆடியில் சோழவந்தான்தான் என் தேர்வு. சம்பந்தர் விட்ட ஏடு வைகையை எதிர்த்து ஏறிப் போய் நின்ற ஊர் திருவேடகம் என்பார்கள். எதிர்காற்றில் மிதிக்கும்போது அந்த ஏட்டை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

பத்து வயது மகளோடு முதல் பயணம். எங்கே போகலாம்? (எஸ்.எஸ். காலனி)

கீழக்குயில்குடி. ஐயனார் கோயில், பக்கத்தில் தாமரைக் குளம், ஆலமர நிழல், பின்னால் சமணர் மலை. சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். பிள்ளைக்கு இளைப்பாறலும் ஆச்சு, பார்க்கவும் ஆச்சு. தேனி ரோட்டில் பஸ் பெருகுவதற்கு முன், ஆறு மணிக்கெல்லாம் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிவிடுங்கள்.

பெட்ரோல் பங்கில் காற்று அடிக்க முடியவில்லை, ஏன்? (அனுப்பானடி)

உங்களுடையது வால்டியூப் (வால்வுக்குள் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) போட்ட பழைய மாதிரியாகவோ, ரேஸ் சைக்கிளின் ஒல்லி வால்வாகவோ இருக்கும். பைக்கில் வருகிற தடித்த வால்வில்தான் பங்க் குழாய் பொருந்தும். சைக்கிள் கடையில் சின்னப் பித்தளை அடாப்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். அதைவிட முக்கியம் கைப்பம்பு.

பஞ்சர் ஒட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கண்மாய்க்கரையில் சீமைக்கருவேல முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். ஒருமுறை அதைத் தேடாமல் டியூபை மட்டும் ஒட்டி மாட்டினேன். கால் மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் இறங்கிவிட்டது. வெறும் விரலை விடாமல், பழைய துணியை டயரின் உட்புறம் மெதுவாக ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். முள் இருந்தால் துணி மாட்டும்.

நாய் துரத்தினால்? (ஒத்தக்கடை)

வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்து நடங்கள். அதன் தெரு முடிந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும், அப்புறம் ஏறிக்கொள்ளலாம்.