சம்பளம் ஐயருக்கு, ஊழியம் ஐயரம்மாவுக்குமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 29, கல்யாணம் ஆகி எட்டு மாசம். வீட்டுக்காரர் லுத்தரன் கிறிஸ்தவ சபையில ஐயர், அதாவது போதகர். மயிலாடுதுறை பக்கம் டவுன் கோயில் ஒண்ணு, அதோட சேர்ந்த கிராமத்து சபை நாலு. நான் தனியார் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர். முன்னாடி இருந்த ஐயரம்மா ஆர்கன் வாசிப்பாங்களாம், பெண்கள் சங்கம் நடத்துவாங்களாம், சண்டே ஸ்கூலும் அவங்கதானாம். நான் அஞ்சரைக்கு வீடு வந்தா வாசல்ல யாராவது உட்கார்ந்திருக்காங்க. வெஸ்ட்ரி (கோயிலை ஒட்டின சின்ன அறை) சாவி எங்க கிச்சன் ஆணியிலதான் தொங்குது, அதனால கமிட்டிக்காரர் ஒருத்தர் கதவைக்கூட தட்டாம உள்ள வந்துடுறாரு. "ஐயரம்மாவுக்கு சபையை விட சம்பளம்தான் பெருசு"ன்னு வேற பேச்சு. இவரைக் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்கிறாரு. வேலையை விட்டுடவா?
– ஐயர் வீட்டம்மா

பதில்: விடாதீங்க தங்கச்சி. இதை முதல்லயே சொல்லிடுறேன், மீதியை டீ போட்டுக் குடிச்சுக்கிட்டே மெதுவா படிங்க.

நானும் ஐயர் வீட்டுப் பொண்ணுதான், நாலு பார்சனேஜ்ல, அதான் ஐயருக்கு சபை குடுக்கிற வீட்ல, வளர்ந்தவ. எங்கம்மா எலிமெண்டரி ஸ்கூல் டீச்சர். திருவிருந்து ஆராதனைக்கு திராட்சை ரசம் நம்ம வீட்லதான் தயார் பண்ணணும், அம்மா மூணாங்கிளாஸ் நோட்டு திருத்துற அதே டேபிள்ல உட்கார்ந்துதான் பன்னீர் திராட்சையைக் காம்பு கிள்ளுவாங்க, ஒரு கை சிவப்பு மை, ஒரு கை ஊதாக் கறை, திங்கட்கிழமை நாலஞ்சு பசங்க வாய்ப்பாட்டு நோட்ல ஊதா ரேகை பதிஞ்சிருக்கும். அந்த ஊர்லயும் இதே பேச்சுதான், "டீச்சரம்மாவுக்கு கோயிலுக்கு நேரம் ஏது". அப்பா ரிட்டயர் ஆனப்ப பார்சனேஜை காலி பண்ண சொல்லி லெட்டர் வந்துச்சு, அது முறைதான், அடுத்த ஐயர் வரணுமே, ஆனா அன்னிக்கு எங்களுக்குன்னு சொந்தமா ஒரு செங்கல் கிடையாது, அம்மாவோட பி.எஃப். பணத்துலதான் ஒரு சின்ன வீடு எழும்புச்சு. அவங்க வேலையை விட்டிருந்தா நாங்க எங்க போயிருப்போம்னு இன்னிக்கும் யோசிப்பேன்.

சரி, இது எங்க வீட்டுக் கதை, உங்க சபைக்கு பேர் குடுத்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் வீட்டுக் கதைக்கு வருவோம். உங்க சபையில அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாளுக்கு சிவப்புத் துணி விரிச்சு லுத்தரைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க இல்ல, அவரு சம்சாரத்தைப் பத்தி எத்தனை நிமிஷம் பேசுறாங்கன்னு இந்த வருஷம் கவனிச்சுப் பாருங்க. கேத்தரினா ஃபான் போரா கன்னியாஸ்திரியா இருந்து 1523ல மடத்தை விட்டு வந்தவங்க, 1525 ஜூன்ல லுத்தரைக் கட்டிக்கிட்டாங்க. விட்டன்பெர்க்ல பழைய மடம்தான் அவங்க குடித்தனம் பண்ண இடம். லுத்தர் எழுதின புஸ்தகத்துக்கு காசு வாங்கமாட்டாரு, வர்றவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுப்பாரு, குடும்பம் எப்படி ஓடும்? அந்தம்மா தோட்டம் போட்டாங்க, மாடு பன்னி வளர்த்தாங்க, பீர் காய்ச்சினாங்க (இதை மட்டும் நம்ம ஊர் பிரசங்கத்துல சொல்லவே மாட்டாங்க), மாணவர்களுக்கு அறையும் சாப்பாடும் குடுத்து காசு வாங்கினாங்க. ஆறு பிள்ளை பெத்தாங்க. லுத்தர் கிண்டலும் மரியாதையுமா அவங்களை ஆம்பளைங்களை கூப்பிடுற மாதிரி "எசமான்"னே லெட்டர்ல எழுதியிருக்காரு. ஐயரம்மான்னா சம்பாதிக்கக் கூடாதுன்னு சொல்ற கமிட்டிக்காரருக்கு இந்த ஒரு கதை போதும்.

ஆனா நான் இதை சொல்றது பெருமைக்கு இல்ல, அதுக்கப்புறம் நடந்ததுக்காக. 1546ல லுத்தர் போயிட்டாரு. எல்லாம் என் சம்சாரத்துக்குத்தான்னு அவரு எழுதி வச்ச உயில் அன்னிக்கிருந்த சட்டத்துல செல்லலை, விதவைக்கு பாதுகாவலர் வேணும்னாங்க, நாட்டை ஆண்டவங்க தலையிட்டுத்தான் ஏதோ கொஞ்சம் ஆச்சு. பின்னாடியே யுத்தம், கடன், கொள்ளைநோய், 1552ல செத்தாங்க. நம்ம தரங்கம்பாடியை எடுத்துக்குங்க, லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1714ல ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போனவரு, அங்க மரியா டொரோத்தேயாவைக் கட்டி 1716ல கூட்டிட்டு வந்தாரு, 1718ல புது எருசலேம் கோயில் கட்டி முடிச்சாரு, 1719 பிப்ரவரியில 36 வயசுல கண்ணை மூடிட்டாரு. கடல் தாண்டி வந்த பொண்ணு மூணு வருஷம்கூட முடியறதுக்குள்ள கைக்குழந்தையோட விதவை. உங்க வீட்டுக்காரர் நூறு வயசு இருக்கட்டும், நான் பயமுறுத்தலை. பார்சனேஜ் வாசல் நமக்கு சொந்தம் இல்லைன்னு மட்டும் மனசுல வச்சுக்குங்க, சம்பள அக்கவுண்ட்டை மூடாதீங்க.

இப்ப உங்க மனசை அரிக்கிற விஷயம், ஊழியத்தை அலட்சியம் பண்றோமோங்கிறது. லுத்தரன் சபையோட விசுவாசத்தைச் சொல்ற, 1530ல எழுதின ஆக்ஸ்பர்க் அறிக்கையில 14வது பிரிவு ரொம்ப சின்னது, முறையா அழைக்கப்படாத யாரும் சபையில போதிக்கவோ திருவிருந்து குடுக்கவோ கூடாதுன்னு இருக்கும். அழைப்பு உங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சு, அவரு தலையில கை வச்சு ஜெபிச்சாங்க, உங்க தலையில யாரும் வைக்கலையே? நீங்க ஞானஸ்நானம் எடுத்த ஒரு சபை அங்கத்தினர், மத்த பொம்பளைங்களுக்கு என்ன கடமையோ அதுதான் உங்களுக்கும். கம்ப்யூட்டர் லேப்ல நாப்பது பிள்ளைங்களை கட்டி மேய்க்கிறீங்களே, லுத்தர் கணக்குல அதுவும் தேவன் குடுத்த அழைப்புதான், கோயிலுக்குள்ள செய்யறது மட்டும்தான் அழைப்புன்னு அவரு ஒத்துக்கவே மாட்டாரு.

பின்னாடி பேசுற அக்காங்க எல்லாரும் திடப்படுத்தல் (விசுவாசத்தை சபை முன்னாடி அறிக்கை பண்ற சடங்கு) எடுக்கறப்ப லுத்தர் எழுதின சின்ன ஞானோபதேசம்கிற கேள்வி பதில் புஸ்தகத்தை மனப்பாடமா ஒப்பிச்சவங்க. அதுல பத்துக் கட்டளையில எட்டாம் கற்பனைக்கு (பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்ல எண்ணினா ஒன்பதாவது, நம்ம கணக்கு வேற) லுத்தர் குடுத்த விளக்கமே, அடுத்தவனைப் பத்தி பொய் சொல்லாதே, அவனுக்காகப் பரிஞ்சு பேசு, அவன் செய்யறதை நல்லவிதமாவே எடுத்துக்கோங்கிறதுதான். நீங்க போய் ஞாபகப்படுத்தாதீங்க, சண்டை வரும். உங்க வீட்டுக்காரரை ஒரு ஞாயிறு அதை வச்சு பிரசங்கம் பண்ண சொல்லுங்க, யாரையும் குத்திக் காட்டாம.

வாசல்ல உட்கார்ந்திருக்கிறவங்களை மட்டும் ஒரே கூடையில போடாதீங்க. அதுல ரெண்டு பேர் சும்மா வந்திருப்பாங்க, ஒருத்தங்க ஆஸ்பத்திரியில புருஷனைப் படுக்க வச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியாம வந்திருப்பாங்க, அவங்க முதல்ல தேடி வர்றது ஐயரை இல்ல, உங்களைத்தான். எங்கம்மா ஸ்கூல் பையை இறக்கி வைக்காமலே முகத்தைப் பார்த்து தெரிஞ்சுக்குவாங்க. உங்களுக்கும் ஒரு வருஷத்துல பழகிடும்.

பெண்கள் சங்கத்துக்கு செயலாளர்னு ஒருத்தங்க இருப்பாங்க, நடத்துறதை அவங்க கையில விடுங்க, நீங்க போய் பாயில ஒருத்தியா உட்காருங்க. ஆர்கன் தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லுங்க, அது பாவம் இல்ல. உங்களுக்குப் பிடிச்ச ஒரே ஒரு வேலையை எடுத்துக்குங்க, அறுப்பின் பண்டிகைக்கு காணிக்கையா வர்ற பொருளை ஏலம் விடுற கணக்கை கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கலாம், பூசணிக்கா ஐநூறுக்கு எடுத்தவரு காசு கட்டினாரா இல்லையான்னு எந்த சபையிலயும் அடுத்த பண்டிகை வரைக்கும் தகராறுதான், செஞ்சு குடுத்தா கும்பிடுவாங்க.

பொறுத்துக்கோன்னு சொல்ற உங்க வீட்டுக்காரருக்கு: தம்பி, கமிட்டியில பேச வேண்டியது நீங்க, உங்க சம்சாரம் இல்ல. அடுத்த கூட்டத்துலயே வெஸ்ட்ரி சாவியை மணி அடிக்கிற அண்ணன் கையில குடுத்துடுங்க, கிச்சன்ல இருக்கிற ஆணியையும் பிடுங்கிடுங்க. அப்பவும் அந்த கமிட்டிக்காரர் வந்தாருன்னா டீ குடுங்க, திண்ணையில வச்சு.