“அது வேற விஷயம்” என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். ஐடிஐ முடித்து, இரண்டு வருடம் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, ஆறு மாதமாகத் தனியாக மோட்டார் வைண்டிங் கட்டுகிறேன், அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிறேன். எங்கள் தொழில்காரர்களுக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. முப்பது வருட அனுபவசாலிகளெல்லாம் இருக்கிறார்கள். அவர்களால்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

குறுவை நாற்றங்கால் போட்டு ஆளாளுக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் நேரம். அப்படி வந்த ஒரு 5 எச்பி மோனோபிளாக்குக்கு (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) ஒரு ஸ்லாட்டில், அதாவது கம்பி இறங்கும் பள்ளத்தில், எத்தனை டர்ன் (சுற்று) என்று குழுவில் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். ஒருவர் “பழைய காயிலை எண்ணு” என்றார். இன்னொருவர் “உளி பிடிக்கத் தெரியாதவனெல்லாம் போர்டு மாட்டிட்டான்” என்று வாய்ஸ் போட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். மோட்டாரிலிருந்து பிரித்த பழைய காயில் (கம்பிச் சுருள்) காயலான் கடைக்குப் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது என்று அவர்களிடம் சொல்லவா முடியும்?

ஒவ்வொருவரும் மோட்டார் கணக்குகளைக் குறித்த டேட்டா நோட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? அவர்களும் ஒருநாள் புதுசாக வந்தவர்கள்தானே?

கடைசியில், வேறொரு கம்பெனி 5 எச்பிக்கு நான் குறித்துவைத்திருந்த கணக்கிலேயே கட்டினேன். சும்மா ஓட்டும்போதே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 5 ஆம்பியருக்கு மேல் காட்டியது. ஓடியது, கொடுத்துவிட்டேன். பதினோராம் நாள் எரிந்துவிட்டது. பிரித்தால் 24 ஸ்லாட்டும் ஒரே மாதிரி கருகியிருந்தது. எனக்குப் பெரியப்பா முறை ஆகிறவருடைய மோட்டார். லைனில் ஒரு பேஸ் (மும்முனை கரண்டில் ஒரு முனை) கட்டாகியிருக்கும் என்று சொல்லி, கம்பிக்கும் கூலிக்கும் மறுபடி காசு வாங்கி, அதே கணக்கில் கட்டி மாட்டிவிட்டேன், அது வேற விஷயம். நான் சொல்ல வந்தது, உதவி கேட்டவனை இப்படிச் சிரித்து விரட்டலாமா? இப்போது போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. எல்லாம் அந்தக் குழுவால். அதைவிட்டு வெளியே வந்துவிடலாமா?

*

அன்புள்ள தம்பி,

குழுவில் செய்தி வந்தால் போன் மணி அடிக்காது. மணி அடித்தால் கூப்பிடுவது ஆள். யார் கூப்பிடுவார் என்று பயப்படுகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. “அது வேற விஷயம்” என்று தாண்டிப்போன இடத்தில்தான் உங்கள் தூக்கம் போயிருக்கிறது.

காரணம் உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு பேஸ் கட்டாகி ஓடிய மோட்டார் அப்படி எரியாது. காயில்களை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை உண்டு. ஸ்டார் கனெக்‌ஷன் என்றால் இரண்டு பேஸ் காயில் கருகி, மூன்றாவது அப்படியே பளபளவென்று இருக்கும். டெல்டா என்றால் ஒரு பேஸ் மட்டும் கருகும். 24 ஸ்லாட்டும் ஒன்றுபோல் கருகியிருந்தால் மூன்று பேஸிலும் கரண்ட் மீறி ஓடியிருக்கிறது. அதற்கு வோல்டேஜ் குறைவும் காரணமாகலாம், பம்ப் இறுகியிருந்தாலும் ஆகலாம். ஆனால் சும்மா சுற்றும்போதே 5 ஆம்பியர்! 415 வோல்ட்டில் 5 எச்பி மோட்டார் முழுச் சுமையில் எடுப்பதே ஏழரை ஆம்பியர் வாக்கில்தான். சுமையில்லாதபோது அதில் பாதிக்குள் அடங்கவேண்டும். டர்ன் குறைந்தால் இரும்பில் காந்தம் ஏறிப்போய், சும்மா சுற்றவே கரண்ட் இழுக்கும். தண்ணீர்ச் சுமையும் சேர்ந்தால் காயில் வெந்துவிடும். மீட்டர் அன்றைக்கே உங்களிடம் சொல்லிவிட்டது.

குழுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த வாய்ஸ் போட்டவரும், சிரித்தவர்களும் செய்தது தப்பு. “ஏன் தம்பி, பழைய காயில் கையில இல்லையா?” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், நீங்கள் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். முப்பது வருட அனுபவத்துக்கு அந்த ஒரு கேள்வி கேட்கத் தெரிந்திருக்கவேண்டும்.

ஆனால் “பழைய காயிலை எண்ணு” என்றவரை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அவர் சொன்னதுதான் சரியான பதில். 5 எச்பிக்கென்று ஒரே டர்ன் கணக்கு கிடையாது. கோர், அதாவது காயில் உட்காரும் இரும்பு, அதன் நீளமும் உள்விட்டமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீளம் குறைந்தால் டர்ன் கூடும். அதனால்தான் உளி வைத்து ஒரு பக்கத்தை வெட்டியதும், இழுத்துப் போடுவதற்கு முன்னால், ஸ்லாட்டில் தெரியும் கம்பி முனைகளை எண்ணிக் குறிக்கிறார்கள். டேட்டா நோட்டு அப்படிப் பக்கம் பக்கமாகச் சேர்ந்ததுதான். அதில் ஒரு பக்கத்தை உங்களுக்கு அனுப்பியிருந்தாலும் அது வேறொரு மோட்டாரின் கணக்காகத்தான் இருந்திருக்கும். வேறொரு மோட்டாரின் கணக்கு ஏற்கெனவே உங்களிடம் இருந்தது, அதைத்தானே கட்டினீர்கள்? அவர் பேச்சு உங்களுக்குச் சுட்டதற்குக் காரணம், நீங்கள் மறைத்துவைத்த இடத்தில் தெரியாமல் கை வைத்துவிட்டார்.

குழுவில் இருங்கள். ஆனால் அடுத்த கேள்வியை அந்த ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள். நேம் பிளேட் போட்டோ, கோர் நீளம், உள்விட்டம், இரண்டு ஸ்லாட்டுக்கு நடுவே உள்ள பல்லின் அகலம் (வெர்னியரில் அளந்து, மில்லிமீட்டரில்), 24 ஸ்லாட், நீங்கள் கட்டிய டர்ன், பிட்ச் (காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது) 1-12, 2-11 தானா வேறா, கம்பி கேஜ் (தடிமன்), ஸ்டாரா டெல்டாவா, சும்மா ஓடும்போது மூன்று பேஸிலும் தனித்தனியாக எத்தனை ஆம்பியர். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக, “பழைய காயிலை எண்ணாமல் விற்றுவிட்டேன்” என்று எழுதுங்கள். இவ்வளவும் இருந்தால் தெரிந்தவரால் கணக்குப் போட முடியும். புதிதாகக் கட்டியதும், வார்னிஷ் ஊற்றுவதற்கு முன்பே ஓட்டி மீட்டர் வையுங்கள். கூடுதலாகக் காட்டினால் அப்போதே பிரித்துவிடலாம்.

அதெல்லாம் நாளைக்கு. அதே கணக்கில் கட்டிய மோட்டார் இந்த நிமிடம் பெரியப்பா கொட்டகையில் மாட்டியிருக்கிறது. அது இரண்டாவது முறை எரிந்தால் எதைச் சொல்வீர்கள்? “லைன்ல கோளாறு இல்ல பெரியப்பா, நான் கட்டுனதுல தப்பு. இப்ப போடாதீங்க, நானே வந்து கழட்டிக்கிறேன்” என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை வாங்கிய காசைத் திருப்பிக் கொடுங்கள், கம்பி உங்கள் செலவு. மோட்டார் திரும்பி வரும்வரை நாற்றங்காலுக்கு டீசல் இன்ஜின் வாடகைக்கு எடுக்கவேண்டி வந்தால் அதையும் நீங்களே பாருங்கள். அவர் கோபப்படுவார், கேட்டுக்கொள்ளுங்கள்.

மும்முனை கரண்ட் வருவதற்குள் கூப்பிடுங்கள்.