பாதியில் நிற்கும் சமையலறை: வேறு கொத்தனாரை அழைப்பதற்கு முன்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். சமையலறையைப் புதுப்பிக்கப் பொள்ளாச்சிக் காண்டிராக்டர் ஒருவரிடம் 3,80,000 ரூபாய்க்குப் பேசி, டிசம்பரில் வேலையைத் தொடங்கினோம். 45 நாளில் முடிப்பதாக எழுதிக் கொடுத்தார். இப்போது மே மாதம். பழைய மேடையை இடித்துவிட்டு, புது கிரானைட்டைப் பாதிதான் பதித்திருக்கிறார். நடுவில் சிங்க்கை ஜன்னல் பக்கம் மாற்றச் சொன்னோம்; அந்தக் குழாய் சுவருக்குள் கசிந்து பக்கத்து அறை வரை ஓதம் ஏறிவிட்டது. பொருத்திய பிளைவுட் தட்டுகளும் உப்பிவிட்டன. 2,80,000 கொடுத்துவிட்டோம், அதில் 50,000 ரொக்கம், ரசீது இல்லை. வேலை முடிந்த பிறகு தர வேண்டிய ஒரு லட்சத்தில் 70,000ஐ இப்போதே தந்தால்தான் வருவேன் என்கிறார். வழக்கு என்றால் பொள்ளாச்சியில்தான் என்று கொட்டேஷனிலேயே அச்சடித்திருக்கிறதாம். மாமியார் பின்கட்டில் விறகடுப்பில் சமைக்கிறார். வேறு ஆளை வைத்து முடிக்கலாமா? போலீசுக்குப் போகலாமா?

பதில்: வேறு ஆளை வைத்து முடிக்கலாம், ஆனால் இன்று வேண்டாம். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்தச் சமையலறைதான். புதுக் கொத்தனார் கிரானைட்டைச் சமன்செய்து, ஆசாரி தட்டுகளை மாற்றிவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். "நான் நன்றாகத்தான் செய்தேன், அவர்களே கெடுத்துக்கொண்டார்கள்" என்று காண்டிராக்டர் சொல்லும்போது உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது. வயதானவர் புகைக்கு நடுவே சமைப்பதைப் படித்தபோது எனக்கும் மனம் கனத்தது. அப்படியிருந்தும் சில வாரம் பொறுக்கச் சொல்கிறேன் என்றால், நல்ல வழக்குகள் இந்த ஓர் அவசரத்தால் கெட்டுப்போவதுதான் காரணம்.

நீங்கள் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். முதலில், வழக்கு பொள்ளாச்சியில்தான் என்ற பயத்தை விடுங்கள். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எதிர்தரப்பு இருக்கும் ஊரிலோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடிந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்தையும் அதோடு சேர்த்தது. நீங்கள் வசிப்பது கொழிஞ்சாம்பாறை. வேலை நடந்ததும் கெட்டதும் அங்கேயே. பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வகையிலும் அதிகாரம் உண்டு. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி நீங்கள் அலைய வேண்டியதில்லை. அந்த அச்சு வரியை அவர் முதல் ஆட்சேபணையாக எழுப்புவார். நாடாளுமன்றம் தந்த உரிமையை ஒருவர் தம் தாளில் அச்சடித்த வரியால் பறிக்க முடியாது என்பதே நம் பதில். ஆணையம் உத்தரவிட்டும் அவர் பணம் தரவில்லை என்றால், 71ஆவது பிரிவின்படி சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்றலாம். உத்தரவை மதிக்காதவருக்கு 72ஆவது பிரிவில் சிறைத்தண்டனையும் உண்டு. எல்லைக்கு அப்பால் இருப்பது அவருக்குக் கவசமாகாது.

ஐந்து லட்ச ரூபாய் வரை பணம் கொடுத்த விவகாரங்களில் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கொட்டேஷன் தமிழில் இருப்பது குறையல்ல. மொழிபெயர்ப்பை இணைத்தால் போதும். கொட்டேஷன் உங்கள் கணவர் பெயரில் இருந்தால் இருவர் பெயரிலும் புகார் கொடுங்கள்.

அந்த 70,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இரு தரப்பு வாக்குறுதிகளில் எது முன், எது பின் என்று ஒப்பந்தம் சொன்னால், அந்த வரிசையில்தான் நிறைவேற்ற வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் வீடு கட்டுவதுதான்: பேசிய தொகைக்கு வீடு கட்டித் தர ஒருவர் ஒப்புக்கொண்டால், முதலில் கட்ட வேண்டும், பிறகுதான் பணம். கடைசித் தவணை வேலை முடிந்த பிறகு என்று உங்கள் தாளிலேயே இருக்கிறது. நீங்கள் ஒன்றையும் மீறவில்லை.

இனி அந்தச் சமையலறைக்குள் போவோம். நல்ல வெளிச்சத்தில், ஒவ்வொரு குறையின் பக்கத்திலும் அளவு டேப்பை வைத்துப் படம் எடுங்கள். பிளைவுட் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. கொட்டேஷனில் '710' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதன் சோதனை. குழாய்க் கசிவுக்கே உப்பும் தட்டு அந்தத் தரமாக இருக்குமா என்பது நியாயமான சந்தேகம். தட்டின் பின்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். முத்திரையே இல்லை என்றால் அதையும் படமெடுங்கள். உப்பிய தட்டில் ஒன்றையாவது தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

ரொக்கமாகக் கொடுத்த 50,000 கவலை தருகிறது. இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில், இன்ன தேதியில் ரொக்கமாக 50,000, வங்கி வழியாக 2,30,000, ஆக 2,80,000 தந்திருக்கிறோம் என்று அமைதியாக எழுதுங்கள். மறுக்காமல் வேறு எதையாவது பதிலாக அனுப்பினாலும் அது உங்களுக்கு உதவும். வழக்கு முடியும்வரை அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள்.

சிங்க்கை மாற்றச் சொன்னதை மறைக்காதீர்கள். தாமதத்துக்கு அதைத்தான் அவர் காரணம் காட்டுவார். நீங்களே புகாரில் தேதியோடு சொல்லி, அந்த மாற்றத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று அவர் அப்போது சொன்னதையும் எழுதுங்கள். சிங்க்கை நகர்த்துவதற்குச் சில நாள் கூடுதலாக ஆகலாம். மூன்று மாதத்துக்கு மேல் ஆகுமா? தாமாக உண்மை சொன்னவரின் மற்ற வார்த்தைகளுக்கும் ஆணையம் மதிப்புக் கொடுக்கும்.

அடுத்து நோட்டீஸ். 15 நாளுக்குள் குறைகளைச் சரிசெய்து வேலையை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்து அந்தச் செலவை உங்களிடம் கேட்போம் என்று எழுதி, ஒப்புகை கிடைக்கும்படி அஞ்சலில் அனுப்புங்கள். அவர் வந்து ஒழுங்காக முடித்தால் மகிழ்ச்சி. ஆனால் அப்போதும் முன்பணம் வேண்டாம். வராவிட்டால் உடனே ஆணையத்தில் புகார் கொடுத்து, அதோடு ஒரு மனுவும் போடுங்கள்: கட்டுமானம் தெரிந்த நிபுணர் ஒருவரை ஆணையராக நியமித்து, வீட்டைப் பார்வையிட்டு அறிக்கை தரச் செய்ய வேண்டும் என்று. வழக்கு மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்பது சட்டம்; நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகிறது. அதுவரை விறகடுப்பில் காத்திருக்க வேண்டாம். நிபுணர் பார்த்துச் சென்ற மறுநாளே புதுக் கொத்தனாரை அழைக்கலாம். அவருடைய மதிப்பீடும் பில்லும் உங்கள் இழப்பீட்டுக் கணக்காகும். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தாலும் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

போலீஸ் இப்போதைக்கு வேண்டாம். ஒப்பந்தத்தை மீறியதெல்லாம் மோசடி ஆகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஐந்து மாதத்தில் பாதி வேலையாவது செய்திருப்பவர் விஷயத்தில் அது கடினம்.

ஒன்று மட்டும் காத்திருக்காது: சுவருக்குள் கசியும் குழாய். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் அந்தச் சுவர் தாங்காது. நட்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்று சட்டமும் கேட்கும். எனவே படமெடுத்து, காண்டிராக்டருக்கு ஒரு வரி தகவல் அனுப்பிவிட்டு, பிளம்பரைக் கூப்பிட்டு அந்த இணைப்பை மட்டும் சரிசெய்யுங்கள். பில் வாங்குங்கள். கழற்றிய பழைய குழாய்த் துண்டைப் பிளம்பர் எடுத்துப்போக விடாமல் வாங்கி, தேதி எழுதிய பையில் போட்டு வையுங்கள்.