ரயில் போன தடத்தில் ஜியோகேச்சிங்கும் பறவை பார்ப்பதும் ஒத்துவருமா?

கைவிடப்பட்ட ரயில் பாதையை நடைபாதையாக மாற்றிய இடத்தில் ஜியோகேச்சிங் (யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஏட்டில் கையெழுத்துப் போடும் விளையாட்டு) விளையாடிக்கொண்டே பறவைகளையும் பார்க்கலாமா, இல்லை ஒன்று இன்னொன்றைக் கெடுத்துவிடுமா என்பது கேள்வி.

தாராளமாகப் பார்க்கலாம். வருடத்தில் சில மாதங்கள் மட்டும் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பறவை பார்க்க இந்த மாதிரிப் பாதையைவிட வசதியான இடம் குறைவு. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் பள்ளமான இடத்தில் மண் கொட்டிக் கரை எழுப்பியிருப்பார்கள், மேடான இடத்தை வெட்டியிருப்பார்கள். நமக்கு மூச்சு வாங்காது. அதனாலேயே காது நன்றாக வேலை செய்யும். கரைமேல் நடக்கும்போது பக்கத்து மரங்களின் மேல்கிளைகள் கண்மட்டத்துக்கு வந்துவிடும். வேறு இடங்களில் கழுத்து வலிக்க அண்ணாந்து வயிற்றை மட்டுமே பார்த்த பறவையின் முதுகு நிறம் இங்கே தெரியும். கரையோரம் வடிகால் பள்ளம், அதில் தேங்கிய நீர், நீரைச் சுற்றிப் பூச்சிகள். பழைய வேலியிலும் கம்பியிலும் உட்கார்ந்த பறவைகள் எச்சத்தோடு போட்ட விதைகளில் முளைத்த பழப்புதர்களும் இருக்கும். பாலத்துக்கு அடியில் தகைவிலான் மண்கூடு கட்டும்.

ஜியோகேச்சிங் ஆட்களுக்கும் இதே பாதைகள்தான் பிடிக்கும். இந்த விளையாட்டே ஒரு நாள் இடைவெளியில் பிறந்தது. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். இன்று ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று ஜியோகேச்சிங்.காம் விதி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ரயில் தடத்தை நடைபாதையாக்கிய கேட்டி டிரெயில் மாதிரி சுமார் 386 கிலோமீட்டர் நீளும் பாதையில் எத்தனை டப்பாவுக்கு இடம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்காக ஓடுகிறவர்கள் கையெழுத்துப் போட்டதும் அடுத்ததற்குப் பறப்பார்கள். அவர்களோடு போனால் காக்கையைக்கூடப் பார்க்க முடியாது என்பது என் தனிப்பட்ட புலம்பல்.

இனி அந்த முட்டல். டப்பா ஒளிக்க நமக்குத் தோன்றும் இடமெல்லாம் பறவைக்கும் தோன்றும்: மரப்பொந்து, கல்சுவர் இடுக்கு, கொடி படர்ந்த தூண், பாலத்தடி. சிலர் பறவைக் கூடுபெட்டி வடிவிலேயே டப்பா செய்து மரத்தில் மாட்டுகிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. அதைத் திறந்து பழகியவர் அடுத்த வளைவில் நிஜக் கூடுபெட்டியையும் திறந்து பார்ப்பார். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

வெட்டிய பள்ளத்தில் இன்னொரு சிக்கல். இருபக்கப் பாறையும் மரமும் வானத்தை மறைப்பதால் ஜிபிஎஸ் முள் அலைபாயும். ஆளாளுக்குப் புதரை மிதித்துச் சுற்றிவருவார்கள். தரையில் கூடு கட்டும் பறவைக்கு அங்கே பிழைப்பு இல்லை. டப்பா வைத்தவர் தந்திருக்கும் குறிப்பைப் படித்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்று வீம்பு பிடிக்காமல், இப்படிப்பட்ட இடத்தில் முதலிலேயே குறிப்பைத் திறந்துவிடுங்கள்.

நான் செய்வது இதுதான்: ஜிபிஎஸ் காட்டும் புள்ளிக்கு முப்பது மீட்டர் முன்னாலேயே நின்று, போனைப் பையில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பேன். அலகில் புழுவோடு ஒரு பறவை கிளையில் உட்கார்ந்து, உள்ளே போகாமல், 'டிக் டிக்' என்று ஒரே ஒலியை விடாமல் எழுப்பினால் கூடு பக்கத்தில் இருக்கிறது, நாம் போவதற்காக அது காத்திருக்கிறது என்று பொருள். உடனே நகர்ந்துவிட வேண்டும். 'இங்கே கூடு இருக்கிறது' என்று டப்பா வைத்தவருக்கு எழுதினால், அவரே அந்த டப்பாவின் இணையப் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கிவைக்கலாம். கூடு இருக்கும் சரியான இடத்தை மட்டும் பொதுப் பதிவில் போட வேண்டாம்.

இலை உதிரும் ஊர்களில் குளிர்காலம்தான் இரண்டுக்கும் தோதான காலம். கூடுகள் காலி, மொட்டைக் கிளையில் மரங்கொத்தி தெளிவாகத் தெரியும், டப்பாவும் எளிதில் கண்ணில் படும். கூடு கட்டும் மாதங்களில் நான் பைனாகுலரை மட்டும் எடுத்துப் போவேன். டப்பா தேடினாலும், தகவல் பலகைக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டியிருக்கும் டப்பாக்கள் மட்டும்தான்.