சார்ஜ் கடைசியில் ஏன் ஊர்ந்து செல்கிறது?

கேள்வி: எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள டியூபுலர் பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் வகை, இருக்கிறது. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு 15 ஆம்பியரில் சார்ஜ் ஏறத் தொடங்குகிறது. நான்கைந்து மணி நேரம் கழித்துத் திரையில் 5, 3, 2 என்று குறைந்துகொண்டே வருகிறது. முழுதாக நிரம்ப இரவாகிவிடுகிறது. இது பழுது என்றும், 'மூன்று கட்ட சார்ஜர்' உள்ள மாடலை வாங்குங்கள் என்றும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் விவரிப்பதே கட்டம் கட்டமான சார்ஜ்தான். உங்களிடம் இருப்பதையே புதிது என்று விற்கப் பார்க்கிறார்!

முதல் கட்டத்தில் சார்ஜர் முழு மின்னோட்டத்தையும் செலுத்துகிறது. பேட்டரியின் அழுத்தம் மெல்ல உயர்ந்து 14.4 வோல்ட் அளவை எட்டும்போது ஏறத்தாழ 80 சதவீதம் ஏறியிருக்கும். அதற்கு மேல், இரண்டாம் கட்டத்தில், அழுத்தத்தை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, பேட்டரி ஏற்கும் அளவுக்கு மட்டும் மின்னோட்டத்தை விடுகிறது. அப்போதும் 15 ஆம்பியரைத் திணித்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும், பேட்டரி சூடாகும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியே கை சலித்துவிடும். சரி, 80 சதவீதத்திலேயே நிறுத்திவிட்டால்? தகடுகளில் படியும் ஈய சல்பேட் கரையாமல் இறுகி, பேட்டரி தாங்கும் நேரம் மாதத்துக்கு மாதம் குறையும். ஆகவே அந்த மந்தமான கடைசி மணி நேரங்கள்தான் பேட்டரியின் ஆயுளைக் காக்கின்றன. நிரம்பிய பிறகு மூன்றாம் கட்டமாக, சுமார் 13.6 வோல்ட்டில், ஏறிய சார்ஜை அப்படியே தக்கவைக்கும் ஃப்ளோட் நிலைக்கு வந்துவிடும்.

புதிதாகச் செலவழிக்கும் முன் இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல மாடல்களில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருக்கும். பொருத்த வந்தவர் அதைத் தொடாமலே போயிருக்கலாம். டியூபுலருக்குச் சற்றுக் கூடுதல் அழுத்தம் தேவை. மூடிய வகை பேட்டரிக்கான நிலையில் விட்டால் அது ஒருநாளும் முழுதாக நிரம்பாது. மூடிய பேட்டரியை டியூபுலர் நிலையில் வைப்பது இன்னும் மோசம், இழந்த தண்ணீரை அதில் திரும்ப ஊற்ற வழியில்லை.

என்றாவது புதிது வாங்க நேர்ந்தால், பெட்டியில் ஒட்டியிருக்கும் 'மூன்று கட்டம்' என்ற வாசகத்தை விட்டுவிட்டு, சார்ஜ் மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வெப்பநிலைக்கு ஏற்ப அழுத்தத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். நம் மே மாத வெயிலில் அது வேலைக்கு ஆகும்.

உண்மையான பழுதின் அடையாளங்கள் வேறு. நீண்ட மின்வெட்டுக்குப் பின்னும் அரை மணி நேரத்திலேயே மின்னோட்டம் 2 ஆம்பியருக்கு இறங்கினால் பேட்டரி நலிந்திருக்கலாம். ஒரு நாள் முழுக்க ஏறியும் மின்னோட்டம் குறையாமல் பேட்டரி கொதித்தால் ஏதாவது ஒரு செல் போயிருக்கலாம். இரண்டுக்கும் பேட்டரியைத்தான் முதலில் சோதிக்கச் சொல்ல வேண்டும், இன்வெர்ட்டரை அல்ல.