லோன் போட்டு மெஷின் வாங்கிய பிறகு விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள்

கேள்வி: ஐயா, சிறிய அளவில் பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் செய்து ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்கிறேன். உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஆர்டர் நிச்சயம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி, அவர்கள் வேலைக்கென்றே லோன் போட்டு மெஷின் வாங்கினேன். ஒரு வருடம்தான் ஆகிறது. கையில் இருக்கும் ஆர்டருக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மூன்று மாத பில் நிற்கிறது. கேட்டால், பழைய சரக்கில் குறை என்று பில் தொகையைக் கழித்து இப்போது டெபிட் நோட் அனுப்புகிறார்கள். பாகங்களை வார்க்கும் அவர்களுடைய மோல்டு (அச்சு) என்னிடம் இருக்கிறது. பணம் வரும்வரை தராமல் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் மோல்டில் கை வைத்தால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவு, ஒரு பொருளின் மீது உழைத்தவர் அந்த வேலைக்கான கூலி வரும்வரை அதே பொருளை வைத்திருக்க அனுமதிக்கிறது. நீங்கள் மோல்டைச் செப்பனிடவில்லை, அதை வைத்து வேறு பொருள் செய்தீர்கள். பாக்கி எதுவானாலும் கையில் இருப்பதைப் பிடித்துவைக்கும் உரிமை, வெளிப்படையாகத் தனியாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, வங்கி போன்ற சிலருக்குத்தான் 171-வது பிரிவில் உண்டு. நம்பிக்கை மோசடி என்று போலீஸில் ஒரு புகார் வந்தால், பணம் கேட்க வேண்டிய நீங்கள் ஜாமீனுக்கு அலைவீர்கள்.

அடுத்தது அந்தக் கையெழுத்து. ஏற்றுக்கொண்ட பர்ச்சேஸ் ஆர்டரின் விலையை ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது. அதனால்தான் உங்கள் கையெழுத்துக்காக நெருக்குகிறார்கள். மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு சொல்லலாமே என நினைக்காதீர்கள். ஆர்டர் தரமாட்டேன் என்று சொல்வதை நீதிமன்றங்கள் பெரும்பாலும் வியாபாரப் பேரமாகத்தான் பார்க்கும். கையெழுத்துப் போட்டு, நாலு மாதம் அதே விலைக்கு பில்லும் போட்டுவிட்டால் கதை முடிந்தது. இன்றைக்கே மெயிலில் எழுதுங்கள்: கையில் உள்ள ஆர்டருக்குப் பழைய விலைதான், புது ஆர்டருக்கு வேண்டுமானால் பேசலாம்.

பாக்கியில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. டெபிட் நோட்டுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது: டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சரக்கு ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். ஒவ்வொரு டெலிவரி சலானையும் எடுத்து, அதன் தேதிக்குப் பக்கத்தில் அவர்கள் முதன்முதலில் குறை சொன்ன தேதியை எழுதிப் பாருங்கள். மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால் அந்த டெபிட் நோட்டுகள் நிற்பது கஷ்டம். ஆனாலும் சும்மா இருக்காதீர்கள், ஒவ்வொன்றையும் எண் குறிப்பிட்டு மறுத்து எழுதுங்கள்.

பாக்கியையும் வட்டியையும் கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் பணம் வராவிட்டால், இத்தகைய பாக்கித் தகராறுகளுக்காக அதே சட்டப்படி மாநில அரசு அமைத்த ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு போடுங்கள். அங்கே முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இன்னொன்றையும் நோட்டீஸில் சேருங்கள். உங்களுக்கு உரிய கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கட்டும் வருடத்தில்தான் அவர்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். அவர்களுடைய கணக்குப் பிரிவை இது உடனே அசைக்கும்.

மெஷின் விஷயம் கடினமானது, பொய் நம்பிக்கை தர மாட்டேன். மூன்று வருட வாக்கு எழுத்தில் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவில் நஷ்ட ஈடு கேட்க, முதலில் அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்ததையும், அதை நம்பி நீங்கள் மெஷின் வாங்குவது அவர்களுக்குத் தெரியும் என்பதையும் காட்ட வேண்டும். மாதவாரி ஆர்டர் கணிப்பு அனுப்பிய மெயில், மெஷினைப் பார்க்க வந்த அவர்கள் ஆளின் ரிப்போர்ட், ‘சீக்கிரம் மெஷின் இறக்குங்கள்’ என்ற வாட்ஸ்அப் இருக்கிறதா? அந்த போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். இவை கிடைத்தால் வணிக நீதிமன்றத்தில் கேட்கலாம், அதற்கு முன் கட்டாய சமரசப் பேச்சு உண்டு. கிடைக்காவிட்டால் இந்தக் கோரிக்கையில் பணத்தைச் செலவழிக்காமல் பாக்கியை மட்டும் துரத்துங்கள்.

மோல்டைத் திருப்பிக் கேட்டால் போட்டோ எடுத்து, ஷாட் எண்ணிக்கை (அதில் எத்தனை முறை வார்த்தது என்ற கணக்கு) குறித்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.